பாதிக் கேன்

நாலாவது கீமோ ஊசி போட்டுக்கொண்டு உசிலம்பட்டிக்குத் திரும்பிய வாரத்தில் என் மனைவிக்குக் கை இழுத்துக்கொண்டது. நான் பிரித்துவிடப் பிரித்துவிட விரல்கள் திரும்ப மடங்கின. பதறிப்போய் மதுரைக்கு ஓடினோம்.

ரத்தத்தில் மெக்னீசியம் என்கிற உப்பு ரொம்ப இறங்கிவிட்டது என்றார் டாக்டர். வயிற்றுப்போக்கில் போகிறதா, கிட்னி வழியாக ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு நாள் சிறுநீர் முழுவதும் வேண்டும். கிட்னி என்றால் அதைக் கெடுப்பது இந்த ஊசிதான், நிறுத்தியாக வேண்டும்.

“வேற ஊசி இல்லீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“இருக்கும்மா. இந்த அளவுக்குக் கேக்குமான்னு சொல்ல முடியாது.”

எங்கள் மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பிறக்கிற பிள்ளையை ஒரு தடவை கையில் வாங்கிவிட்டால் போதும் என்று என் மனைவி சாமியிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

ஆய்வகத்தில் ஒரு வெள்ளைக் கேன் கொடுத்தார்கள். ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டுமாம். வீட்டில் அவள் என்னைக் கிட்டவே விடவில்லை. “தள்ளிப் போங்க, வெக்கமா இருக்கு” என்றாள். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியாயிற்று, இனிமேல் என்ன வெட்கம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கேனைக் கட்டைப்பையில் வைத்து பஸ் ஏறினோம். பக்கத்து சீட் அம்மாள், “நெய்யாண்ணே?” என்றாள். “ஆமா” என்று சொல்லிவைத்தேன். இவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

சாயங்காலம் ஆய்வகத்துப் பெண் எங்களைக் கூப்பிட்டாள். “ஐயா, கிரியாட்டினின்னு ஒண்ணு தெனமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிய போகும். இதுல பாதிகூட இல்ல. ஒரு நாள் யூரின் இல்ல இது. திரும்பப் பிடிச்சிட்டு வாங்க.”

“ஏம்மா, உசிலம்பட்டியிலருந்து தூக்கிட்டு வாரோம். ஒன்னைய ஏமாத்தவா வந்தோம்?” என்று எகிறினேன்.

என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அந்தப் பிள்ளைய வையாதீக. நாந்தான் பாதிய கக்கூஸ்ல ஊத்திட்டேன். உப்பு கம்மியா காட்டுனா ஊசிய நிறுத்த மாட்டாகல்ல?”

அடிப்பாவி! அந்தப் பெண் கோபப்படவில்லை. “மறைச்சா ஆபத்தும்மா. இந்த உப்பு இறங்கினா நெஞ்சுத் துடிப்பே நின்னு போயிரும்” என்று சொல்லி வேறு கேனைக் கொடுத்தாள்.

இந்தத் தடவை நானே பிடித்தேன். அவள் என் தோளைப் பற்றிக்கொண்டு நிற்பாள். ரெண்டு பேருக்கும் வெட்கம் விட்டுப்போயிருந்தது. விடிந்ததும் கேனைத் தூக்கினேன். நல்ல கனம்.

“கொஞ்சத்தக் கொட்டிரவா?” என்று நானே கேட்டுவிட்டேன்.

“வேணாங்க. அந்தப் பிள்ள கண்டுபிடிச்சிரும்.”

கிட்னிதான். ஊசியை நிறுத்தினார்கள். கை இழுப்பது நின்றது, நோய் நிற்கவில்லை. ஏழாம் மாதம் மகளுக்கு வளையல் போட்டுவிட்டாள். அதற்குமேல் அவள் இருக்கவில்லை.

பிரசவ அறையிலிருந்து நர்ஸ் துணியில் சுற்றிய பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து, “அம்மாச்சி எங்க? வந்து வாங்கிக்கச் சொல்லுங்க” என்றாள். நான்தான் கையை நீட்டினேன்.