டிரான்ஸ்பார்மர் எரிந்த ஆடி மாதம்

போன செவ்வாய்க்கிழமை, குரும்பலூருக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சின்ன ஊரில் புது டிரான்ஸ்பார்மருக்குத் தேங்காய் உடைத்தார்கள்.

கற்பூரம் காட்டினார்கள். மாலையை எடுத்துக்கொண்டு ஒருவர் மேலே ஏறவே போய்விட்டார். லைன்மேன் கத்தினார்: "யோவ், அது சாமி இல்லய்யா, கரன்ட்டு! எட்ட நில்லு!" எல்லோரும் சிரித்தார்கள். மாலை கீழே கம்பத்தோடு நின்றது. சுவிட்சைப் போட்டதும் கிணறுகளில் மோட்டார்கள் முனகின, குழாய்களில் தண்ணீர் கொட்டியது. எனக்கும் ஒரு தேங்காய் மூடி கொடுத்தார்கள்.

வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருந்து ஏற்கெனவே ஒரு முறை கெடுத்தாகிவிட்டது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். பெரம்பலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். உள்ளே இருக்கும் செம்புக் கம்பி கருகிவிட்டால் பிரித்து எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. மோட்டார் நம்மைப் பேசச் சொல்லாது... அதனால்தான் இந்த வேலை பிடித்துப்போனதோ என்னவோ.

யோசித்துப் பாருங்கள் — வோல்டேஜ் ஒழுங்காக வரும் ஊரில் எனக்கு என்ன வேலை? கரன்ட் நலியும்போதுதான் என் கடை வாசலில் மோட்டார்கள் வரிசை கட்டும்.

அந்த ஊர் டிரான்ஸ்பார்மர் இருபது மோட்டார் தாங்கும் என்று போட்டது. முப்பதுக்கு மேல் ஓடின. கரன்ட் விடுவதே பகலில் சில மணி நேரம். அதிலும் வோல்டேஜ் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு கைப்பிடி இருக்கிறது. வோல்டேஜ் இறங்கினால் அது தானாக விழுந்து மோட்டாரை நிறுத்திவிடும். மோட்டார் கருகக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. ஆனால் அங்கே அது சும்மா சும்மா விழுந்தது. மனுஷன் மடை திருப்புவானா, கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு பெட்டியருகே உட்கார்ந்திருப்பானா?

அஞ்சலை வந்து கேட்டாள். ஒரு ஏக்கருக்கும் குறைந்த நிலம், ஒரு கிணறு, அதில் சின்ன வெங்காயம். புருஷனுக்கு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவான். விவசாயம் முழுக்க இவள் தலையில். ஆலைகளுக்குப் போகும் பெரிய மின்கம்பி இவள் வயலுக்கு நேர் மேலேதான் போகிறது. அதிலிருந்து ஒரு சொட்டுக் கரன்ட் கீழே இறங்காது. "இருந்துட்டுப் போவட்டும்ண்ணே, எனக்குப் பேச்சுத் தொணை. நாளு பூரா ங்ஙொய்னு ஏதோ சொல்லிக்கிட்டேதான் கெடக்கு" என்பாள்.

அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, இந்தக் கைப்பிடி வுழாம இருக்க ஒரு வழி சொல்லுங்களேன். ஓடி ஓடிக் காலு வுட்டுப்போச்சு."

சொன்னேன். பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, கைப்பிடியை இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். இனி விழாது. கரன்ட் போய்த் திரும்ப வந்தாலும் மோட்டார் தானாக ஓடும். வீட்டில் உலை கொதிக்கும்போதே வயலில் தண்ணீர் பாயும். பக்கத்துக் கிணற்றுக்காரர் பார்த்தார். அவருக்கும் கட்டினேன். அடுத்தவர் கேட்டார்... ஒரு மாதத்தில் அந்த ஊரில் கட்டாத ஸ்டார்ட்டர் இல்லை.

இதில் என்ன ஆபத்து என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மோட்டார் கிளம்புகிற அந்த நொடியில்தான் கரன்டை வாரிக் குடிக்கும். ஒவ்வொருவராகப் போய்ப் போட்டால் ஒவ்வொன்றாகக் கிளம்பும். கட்டி வைத்தால் முப்பதும் ஒரே நேரத்தில் கிளம்பும். தெரிந்துதான் கட்டினேன். கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்லக் கூச்சம்.

ஆடி முதல் வாரம், 'டொப்'பென்று ஒரு சத்தம். எண்ணெய் வழிந்து, புகை கிளம்பி, டிரான்ஸ்பார்மர் போய்விட்டது.

வெங்காயம் காய் திரளுகிற நேரம் அது. தண்ணீர் இல்லாமல் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் தாங்கும். ஊரில் ஆயில் என்ஜின் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். அவர் வயலுக்கே அது போதவில்லை.

அதே வாரத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம். டிரான்ஸ்பார்மருக்காகவா? அதுதான் இல்லை. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி! முன்பே ஏற்பாடான கூட்டமாம். ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் காற்றை அளக்கக் கம்பம் நடலாமா என்று பார்க்க மெட்ராசிலிருந்து ஒரு இளம் ஆபீசர் வந்திருந்தார். கூடவே எங்கள் பகுதி லைனைக் கவனிக்கும் பெரிய ஆபீசர். முன்னவரைக் காற்று ஆபீசர் என்றும், பின்னவரை லைன் ஆபீசர் என்றும் வைத்துக்கொள்வோம்.

"ஆடி மாசம் இங்க காத்து எப்படிங்க?" என்று காற்று ஆபீசர் கேட்டார்.

"வேட்டிய ஒரு கையில புடிச்சிக்கிட்டுதாங்க சார் நடக்கணும்" என்றார் ஒருவர். "இன்னொரு கை மாட்டுக் கயித்துக்கு."

சிரிப்பு அடங்கியதும் லைன் ஆபீசர் குறுக்கிட்டார். "காத்து அது இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்குப் போயிடும். இருக்கற கம்பியே லோடு தாங்கல. அதுல இதையும் கொண்டாந்து சேத்தா?"

"மழை மட்டும் நாம சொன்ன தேதிக்கா சார் வருது? அதை நம்பி அணை கட்டலையா?"

"அணையில தேக்கி வைக்கலாம் தம்பி. காத்தை எந்த மூட்டையில கட்டி வைப்பீங்க?"

"அதுக்குத்தான் கம்பியப் பெருசாக்கணும்னு சொல்றேன்."

"யார் தருவா?"

இப்படியே போயிற்று. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அஞ்சலைக்குத்தான் நேரம் இல்லை. எழுந்தாள்.

"சார், காத்துல வர கரன்டா இருக்கட்டும், கரியில வர கரன்டா இருக்கட்டும். எங்க கெணத்துக்கு வரணும்னா டிரான்ஸ்பார்மர் வழியாத்தான வரணும்? அது கருகிக் கெடக்கு. வெங்காயம் காயுது. அத மொதல்ல பேசுங்க சார்."

லைன் ஆபீசர் கோபப்படவில்லை. நல்ல மனிதர் என்றுதான் சொல்லவேண்டும்.

"திருச்சி ஸ்டோர்ல ஒண்ணு இருக்கும்மா. ஆனா இன்னைக்கு மாட்டுனா நாளைக்கு எரியும். வர வழியில பாத்தேன், எல்லாரும் ஸ்டார்ட்டரக் கட்டி வச்சிருக்கீங்க. எந்த மெக்கானிக் கட்டுனது?"

பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, நான் யாரையும் புடிச்சிக் குடுக்கப் போறதில்ல. அந்த ஆளு எந்திரிச்சு, எல்லாத்தையும் அவுத்துடறேன், முறை வச்சு ஓட்ட வைக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். இந்த வாரமே டிரான்ஸ்பார்மர் வரும். என் பொறுப்பு."

நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

அத்தனை பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாதே என்று ஒருவர்கூடத் திரும்பவில்லை. அஞ்சலை மட்டும் திரும்பினாள். ஒரே ஒரு தடவை.

ரொம்பச் சின்ன வேலைதான். ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடலாம். கிழக்குப் பக்கத்துக் கிணறுகள் முதலில், மேற்குப் பக்கம் பிறகு — முறைகூட என் மனதில் தயாராக இருந்தது. எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டத்தில் இருமக்கூட வெட்கப்படுகிறவன் நான். தரையைப் பார்த்தேன்.

லைன் ஆபீசர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பைலை மூடினார். "சரி. நடந்ததை ரிப்போர்ட் எழுதி அனுப்பறேன். மேல என்ன சொல்றாங்களோ, பாப்போம்."

மறுநாள் காலையில் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு மின்சார ஆபீசுக்குப் போனேன். எழுத வரும் எனக்கு. அதற்குக் குறைச்சல் இல்லை. ஆபீசர் திருச்சிக்குப் போய்விட்டார். கிளார்க் படித்துப் பார்த்தார்.

"ரிப்போர்ட்ட அவரே கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டாருங்களே. இனிமே அங்கேர்ந்து பதில் வரணும். நேத்து கூட்டத்துல இருந்தீங்கதானே? அப்பவே சொல்லியிருக்கலாமே?"

சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கே போய் எல்லா ஸ்டார்ட்டரையும் அவிழ்த்தேன். கரன்டே இல்லாத ஊரில் அவிழ்த்தென்ன, கட்டியென்ன? ஆடி போயிற்று. ஆவணியும் பாதி போயிற்று. வெங்காயத் தாள் மஞ்சளாகி மடிந்தது. ஒரு நாள் அஞ்சலை என் கடைக்கு வந்தாள். புருஷனோடு கல் உடைக்கப் போவதாகச் சொன்னாள். வயலை அப்படியே போட்டுவிட்டாளாம். பிடுங்கிப் பார்த்ததில் ஒரு காய்கூடக் கோலிக்குண்டு அளவுக்கு இல்லையாம்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஏண்ணே அன்னைக்கு எந்திரிக்கல?"

"கூட்டத்துல எனக்குப் பேச வராது, அஞ்சலை."

"எனக்கு மட்டும் வருமா? கையி ரெண்டும் கெடந்து நடுங்கிச்சு. முந்தானைக்குள்ள மறச்சிக்கிட்டுதான் பேசுனேன்" என்றாள். "சரி, போயிட்டு வரேன்."

செவ்வாய்க்கிழமை தேங்காய் உடைத்தபோது அவள் அங்கே இல்லை. அவள் கிணற்றில் மட்டும் மோட்டார் ஓடவில்லை. பாய்ச்ச என்ன இருக்கிறது?

காற்று மின்சாரம் நமக்கு ஒத்துவருமா என்று வாசகர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். படித்தவர்கள் பேப்பரில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் — தேவைப்படுகிற நேரத்தில் வராது, நம்ப முடியாது என்று. இருக்கலாம். எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. ஆனால் இந்த ஆடி முழுக்கக் காற்று ஒரு நாள்கூடத் தவறவில்லை.

தேவைப்பட்ட நேரத்தில் வராமல் போனவன் நான்தான்.