கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே

முனவ்வராவுக்கு மனித உடம்பை வரைய வராது என்பது டிராயிங் கிளாஸின் முதல் நாளிலேயே தெரிந்துபோனது. திருச்சியில் விலங்கியல் படித்த காலத்தில் அவளுடைய ரெக்கார்டு நோட்டுதான் வகுப்பு முழுக்கச் சுற்றிவரும். தவளையின் குடல், கரப்பான்பூச்சியின் வாயுறுப்பு எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோவுக்குப் பக்கத்திலிருந்த கம்யூனிட்டி காலேஜில் டிராயிங் கிளாஸில் சேர்ந்தாள். அது 2003. கணவனோடு வந்தவர்களுக்கான எச்-4 விசாவில் வேலை பார்க்க முடியாது, படிக்கலாம். மகள் ஆஸிபா இரண்டாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கணவன் ஜைனுதீன் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறினால் இருட்டித்தான் திரும்புவான். பகல் முழுவதும் அபார்ட்மெண்டில் அவளும் ஹீட்டர் சத்தமும்தான்.

சனிக்கிழமை காலை வகுப்பு. ஒரு கம்பியில் தொங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை வரையச் சொன்னார்கள். முனவ்வரா வரைந்தது கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி வந்தது. சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் அவள் வயதுதான் இருக்கும். மற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முனவ்வராவுக்கு மட்டும் வாய் வராமல் கடைசிவரை மேடம்தான். மேடம் அவளருகே நின்று பார்த்துவிட்டு, நீ உடம்பைச் சுற்றி வேலி போடுகிறாய் என்றார். தோலுக்குக் கீழே எந்த எலும்பு நிற்கிறது, அதை எந்தத் தசை இழுக்கிறது என்று தெரிந்தால் கோடு தானாக வரும், தெரியாவிட்டால் எத்தனை அழித்தாலும் வராது என்றார்.

அவள் படித்தாள். நூலகத்திலிருந்து தடித்தடியான உடற்கூறு புத்தகங்களை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பிக்கொண்டாள். தோள்பட்டை எலும்பு முக்கோணம் என்பதும், கையைத் தூக்கும்போது அது முதுகில் வழுக்கிக்கொண்டு நகரும் என்பதும் அவளுக்குப் புதிதாக இருந்தது. ஆஸிபாவைக் குளிப்பாட்டும்போது கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். "உம்மா, இட் டிக்கிள்ஸ்," என்று அவள் நெளிவாள்.

இரண்டாம் மாதம் ஆண் மாடல் ஒருவர் உடையில்லாமல் நிற்பார் என்று அறிவித்தார்கள். முனவ்வரா மேடத்திடம் தனியாகப் போய், என்னால் அதைப் பார்க்க முடியாது, என் மார்க்கத்தில் கூடாது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். மேடம் வாதாடவில்லை. வீட்டில் யாரையாவது வரை, ஆனால் மற்றவர்கள் அளவுக்குப் படம் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அப்படித்தான் ஜைனுதீன் அவளுக்கு மாடலானான். ஞாயிற்றுக்கிழமைகளில் கைலியும் கையில்லாத பனியனுமாக ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவான். ஐந்து நிமிடம்கூடச் சும்மா இருக்கமாட்டான். ரிமோட்டை எட்டுவான், டீ கேட்பான், முதுகைச் சொறிவான்.

"அசையாதீங்க மச்சான். தோள் எங்கயோ போயிடுச்சு பாருங்க."

"ஜெராக்ஸ் மெஷின்ல வெச்சு எடுத்துக்க புள்ள. அதுதான் அசையாது."

முகத்தை மட்டும் அவள் வரையமாட்டாள். அதிராம்பட்டினத்தில் அவள் பிறந்த வீட்டுச் சுவரில் மனித உருவம் எதுவும் மாட்டியதில்லை. கையும் முதுகும் படிப்புக்கு, முகம் வரைந்தால் அது உருவமாகிவிடும் என்று அவளாக ஒரு கோடு கிழித்துக்கொண்டாள். கழுத்தோடு நிறுத்திவிடுவாள். ஜைனுதீன் அதைக் கேலி செய்வானே தவிர வற்புறுத்தியதில்லை.

அடுத்த வசந்த காலத்தில் கைகளை வரையச் சொன்னார்கள். உடம்பிலேயே கடினமானது கைதான். ஜைனுதீனின் வலது கையை மேஜைமேல் வைக்கச் சொல்லி நாலைந்து தாளில் வரைந்து கொண்டுபோனாள். மேடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஓரிடத்தில் விரலை வைத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில், ஒரு தசை மேடு இருக்க வேண்டும். நீ அங்கே குழி போட்டிருக்கிறாய் என்றார்.

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தாள். குழி இருந்தது. இடது கையில் மேடு, வலது கையில் குழி. ரயிலும் ஆபீஸுமாக ஆள் இளைத்துப்போனான், மதியம் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய படத்தில் புத்தகத்தைப் பார்த்து மேட்டை நிரப்பினாள். மேடம் தலையசைத்தார். நல்ல மார்க்கும் வந்தது.

கோடையில் அவன் கையிலிருந்து டீ கப் நழுவ ஆரம்பித்தது. அப்புறம் கார்ச் சாவியைத் திருப்ப முடியவில்லை. பிறகு சட்டைப் பித்தான். ஓயாமல் டைப் பண்ணுவதால் வந்தது என்று கைக்குப் பட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான். அடுத்த பிளாக்கில் வசந்தமலர் ஆன்ட்டி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் இட்லி மாவு வாங்க வந்தவர் ஜைனுதீனின் கையைப் பார்த்துவிட்டு, மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டார்.

"தம்பி, இது எப்ப தொடக்கம் இப்பிடி?"

ஜைனுதீன் ஒரு மாதம் இருக்கும் என்றான்.  எப்போதிலிருந்து என்று முனவ்வராவுக்குத் தெரியும். ஆன்ட்டி வாசலில் செருப்பு மாட்டும்போது அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்: "பிள்ளை, நரம்பு டொக்டரிட்டக் காட்டுங்கோ. தள்ளிப்போடாதேங்கோ."

பரிசோதனை மேல் பரிசோதனையாக இலையுதிர் காலம் போயிற்று. கடைசியில் டாக்டர் ஏ.எல்.எஸ் என்றார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், நரம்பில்லாத தசை கரைந்துபோகும், மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. சொல்லிக்கொண்டே அவர் ஜைனுதீனின் கையிலும் தோளிலும் தொட்டுத்தொட்டு லத்தீன் பெயர்களைச் சொன்னார், பக்கத்திலிருந்த உதவியாளர் எழுதிக்கொண்டார். முனவ்வராவுக்கு அந்தப் பெயர்கள் எல்லாமே தெரிந்திருந்தன. ஆசையாகப் படித்த பெயர்கள். டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் வரைந்த தாள்களிலிருந்து அவை அழிந்துகொண்டே வருவது போலிருந்தது. சீக்கிரம் வந்திருந்தால் என்று மெல்லக் கேட்டாள். சீக்கிரம் வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார் டாக்டர். அதை அவள் நம்பினாளா என்றால், சில நாள் நம்பினாள், சில நாள் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜைனுதீன், டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல் என்றான். அவள் ஒரு தாளை எடுத்து முதுகெலும்பை வரைந்தாள். அதிலிருந்து கைக்கும் காலுக்கும் நாக்குக்கும் மூச்சுக்கும் போகிற நரம்புகளை வரைந்தாள். அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல போகாம இருக்கறது எது?"

"கண்ண அசைக்கிற தசை போகாதுன்னு போட்டிருக்கு மச்சான்."

"சரி. அப்போ நீ திட்டும்போது முறைக்கவாவது முடியும்."

அவள் அன்றோடு வரைவதை விட்டுவிட்டாள். பென்சில் பெட்டியை அலமாரிக்குள் தள்ளினாள். காலேஜுக்கும் போகவில்லை. அடுத்த வருடம் கிரீன் கார்டு வந்தது. அதற்காக வருடக்கணக்கில் காத்திருந்தவன் அதை மேஜையிலிருந்து எடுக்க முடியாமல் ஆஸிபாவைக் கூப்பிட்டு எடுத்துக்காட்டச் சொன்னான். கொஞ்ச நாளில் வேலைக்குப் போவதும் நின்றது. வீல்சேர் வந்தது. கம்பெனி இன்ஷூரன்ஸில் வாரத்துக்குச் சில நாள் ஓர் ஆள் வருவார், மற்றதெல்லாம் முனவ்வராதான். எப்படிப் புரட்டுவது, எங்கே கைகொடுத்துத் தூக்குவது என்று வசந்தமலர் ஆன்ட்டி காட்டிக்கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜைனுதீன் ஜன்னல் பக்கம் வீல்சேரைத் திருப்பச் சொன்னான். அப்போதே பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. அவள் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"வரை."

வேண்டாம் என்றாள். அவன் விடவில்லை.

"அசையாதீங்கன்னு திட்டுவியே. இப்ப பாரு. என்ன மாதிரி மாடல் கிடைக்குமா உனக்கு?"

அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பென்சிலை எடுத்தாள்.

அதற்குப் பிறகு பெரும்பாலான ஞாயிறுகளில் வரைந்தாள். முன்பு தோலுக்குக் கீழே ஊகித்து ஊகித்துத் தேட வேண்டியிருந்தது. இப்போது எல்லாம் வெளியே நின்றது. கழுத்தடியில் காறையெலும்பு, தோள் மூட்டின் குமிழ், முதுகில் அந்த முக்கோணம். அவள் கோடு திருந்திக்கொண்டே வந்தது. அவன் உடம்பு கரையக் கரைய அவளுக்கு வரைய வந்தது. அதை நினைத்தாலே அவளுக்குத் தன் கையைப் பிடிக்காமல் போகும். அவன் கட்டாயத்தில்தான் மறுபடி சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். மேடம் புதுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மற்ற மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தோலுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று இவளுக்கு இப்போது தெரிகிறது என்றார். யாரை வரைந்தது என்று அவருக்குத் தெரியாது. முனவ்வரா நன்றி சொல்லிவிட்டுப் படங்களைச் சுருட்டிக்கொண்டு பார்க்கிங்குக்கு வந்து காரில் உட்கார்ந்தாள். ஸ்டார்ட் பண்ண வெகுநேரம் ஆயிற்று.

2007 கோடையில் ஜைனுதீனின் பேச்சு நின்றது. எழுத்துகள் ஒட்டிய அட்டையை ஆஸிபா பிடித்துக்கொள்வாள், எந்த எழுத்தில் அவன் கண் நிற்கிறதோ அதைச் சொல்வாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வார்த்தை. அந்தப் பிள்ளை தமிழில் பேசாது, ஆனால் வாப்பா சொல்வதை அதுதான் வேகமாகப் படிக்கும். ஒருநாள் அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"மூ... ஞ்சி. உம்மா, ஹீ வாண்ட்ஸ் யூ டு டிரா ஹிஸ் ஃபேஸ்."

முனவ்வரா தயங்கினாள். பாவமோ என்ற பயம் இன்னும் இருந்தது. ஆனாலும் அவன் கேட்டு எதையும் இல்லையென்று சொல்லும் காலம் தாண்டிப்போயிருந்தது. எதிரே உட்கார்ந்து வரையத் தொடங்கினாள். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, கண்கள் வந்தன. வாயருகே வந்ததும் கை நின்றது. சிரிக்கும்போது அவனுக்கு இடது ஓரம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். ஏற்றுகிற தசை எதுவென்றுகூட அவளுக்குத் தெரியும். அது எப்போது போனது என்றுதான் தெரியவில்லை. இத்தனை நாள் கழுத்தோடு நிறுத்திக்கொண்டதில் அதைக் கவனிக்காமலே விட்டிருந்தாள். ஞாபகத்திலிருந்து வரைந்து பார்த்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். யாரோ ஒருவனுடைய வாய் வந்தது. ஜைனுதீன் காட்டச் சொல்லிக் கண்ணால் கேட்டான். காட்டினாள். அவன் அட்டைக்குக் கண்ணைத் திருப்பவேயில்லை. படத்தையே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

பனிக்காலத்தில், ஒரு மதியம், ஆஸிபா பள்ளியிலிருந்து வருவதற்கு முன்பு அவன் மூச்சு நின்றது.

பள்ளிவாசலில் ஆண்கள் குளிப்பாட்டக் காத்திருந்தார்கள். முனவ்வரா நான் செய்கிறேன் என்றாள். மனைவிக்கு அந்த உரிமை உண்டு என்று இமாம் சொல்லிவிட்டு மற்றவர்களை வெளியே அனுப்பினார். தொப்புளிலிருந்து முழங்கால்வரை துணி போர்த்தியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர். வலது பக்கம் முதலில். அவள் அவசரப்படவில்லை. விரல் விரலாக, மூட்டு மூட்டாகக் கழுவினாள். தோளைத் தூக்கி முதுகில் தண்ணீர் விட்டாள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்தாள். அறைக்கு வெளியே நின்றவர்களுக்குத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று வெள்ளைத் துணிகளில் சுற்றி முடித்தபோது எலும்பும் தசையும் எதுவும் தெரியவில்லை. வெள்ளையாக, ஒரே வடிவமாக இருந்தான்.

அடக்கம் முடிந்த மாலை ஊரிலிருந்து மாமியார் பேசினார். மகன் அமெரிக்கா வந்த பிறகு இரண்டே தடவை பார்த்தவர். நோய் என்று தெரியும், இன்ன நோய் என்று தெரியாது. சொல்ல வேண்டாம் என்று ஜைனுதீன்தான் சொல்லியிருந்தான். அழுது ஓய்ந்த குரலில் அவர் கேட்டார்:

"எம்புள்ள ரொம்ப மெலிஞ்சிட்டானா?"

"இல்ல மாமி. நல்லாத்தான் இருந்தாங்க."

"வலிச்சுதா?"

"இல்ல மாமி."

 உனக்கு அல்லாஹ் கூலி தருவான் மகளே என்று சொல்லிவிட்டு மாமி போனை வைத்தார்.

நாலு மாதம் பத்து நாள் துக்கம் காக்கும் இத்தா முடிந்ததும் முனவ்வரா எடிசனில் முதியோருக்கான டேகேரில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு படுக்கையறை வீட்டை விட்டு அதே காம்ப்ளெக்ஸில் ஒற்றை அறை வீட்டுக்கு மாறினார்கள். மாறும்போது ஆஸிபா படங்களைக் கேட்டாள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, வாப்பாவின் தோள், வாப்பாவின் கால் என்று பார்த்துக்கொண்டே வந்தவள், கையும் உடம்பும் திடமாயிருந்த பழைய படம் ஒன்றை மட்டும் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மற்றவற்றை முனவ்வரா ஓர் அட்டைக் குழாய்க்குள் சுருட்டி வைத்தாள். டேகேரில் கை நடுங்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்குச் சோறு ஊட்டும்போது ஸ்பூன் வாய்க்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவளுடைய கண் அவர் புறங்கைக்குத்தான் போகிறது. பார்க்கக் கூடாது என்றுதான் நினைக்கிறாள்.