சீனர் சொன்ன இன்

என் முன்பல்லை உடைத்தவரே என்னைப் பல் வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு போனார். என் புருஷனின் குணம் அப்படி. இரவில் புலி, விடிந்தால் பூனை. குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று அடித்த அடியில் பல் பாதியாக முறிந்து, வாயெல்லாம் இரத்தம்.

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபின்னும் திருகோணமலை டவுனிலேயே தங்கிவிட்ட சீனர் ஒருவர் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் போலவே தமிழ் கதைப்பார். சுவரில் ஒரு வட்டப் படம், பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அவர் குறட்டோடு என் வாயில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, என் புருஷன் சாவகாசமாக அது என்ன படமென்று கேட்டார்.

“வெள்ளை யாங். வெயில், நெருப்பு, ஆம்பிளை. கறுப்பு இன். நிழல், தண்ணி, பொம்பிளை.”

“கேட்டியா? நீ நிழல். காலடியில கிடக்கிறதுதான் உனக்கு அழகு,” என்று என் புருஷன் சிரித்தார்.

வாய் நிறையப் பஞ்சு. இல்லாவிட்டால் கடித்திருப்பேன்.

“அப்பிடியில்லைத் தம்பி,” என்றார் சீனர். “இன் கீழ இல்லை. இழுக்கிறது யாங் எண்டா, இளகிக் குடுக்கிறது இன். ரெண்டும் எல்லாரிட்டயும் இருக்கோணும். ஒண்டு அளவு மிஞ்சினா மற்றது விலகிப் போயிரும். பிறகு ஒண்டுமே நிக்க ஏலாது.”

என் புருஷன் கொட்டாவி விட்டார். அவர் காதில் ஏறியது நிழல் மட்டும்தான். அதன்பிறகு அதைச் சொல்லிச் சொல்லியே அடித்தார்.

எங்கள் ஊர் நிலாவெளியில் கரைவலை இழுப்பவர்களுக்குச் சீனர் சொன்னது புதிதல்ல. வலைக்கு இரண்டு கயிறு, இரண்டு பக்கமும் ஆட்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்தார் கயிற்றை இளக்கி, ஓட்டத்தோடு கரையில் நடந்து கொடுக்க வேண்டும். வீம்புக்கு இழுத்தால் வலையும் போகும், ஆளும் போகும். ஒரு பக்கத்துக்கு என் புருஷன்தான் தலைவர். இளக்குவது அவருக்கு மானக்கேடு.

அன்று நீரோட்டம் வெறிபிடித்து ஓடியது. மீன் பொறுக்க ஓலைக் கடகத்தோடு நின்ற எனக்கே கயிறு முறுகுவது தெரிந்தது.

“இளக்குங்கோ!” என்று கத்தினேன்.

“பொம்பிளைக் கதை கதையாத!” என்றவர், கயிற்றை வலக்கையில் சுற்றிக்கொண்டு குதிகாலை மணலில் ஊன்றினார்.

கடல் ஒரே இழுவை. ஆள் முகங்குப்புற அலைக்குள் போனார். நான்தான் பாய்ந்து, அவர் கைக்கு அப்பால், கடகத்தில் கிடந்த மீன்கத்தியால் கயிற்றை அறுத்தேன். அவர் வலக்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடந்தவருக்கு நான்தான் சோறு குழைத்து ஊட்டினேன். பாவமாகத்தான் இருந்தது. இனித் திருந்துவார் என்று நம்பினேன், மடைச்சி. ஒருநாள் கறி உறைக்கிறதென்று இடக்கையால் ஓங்கி அறைந்தார். சோற்றுப் பீங்கான் சுவரில் பட்டுச் சிதறியது, காதுக்குள் கூவென்று இரைந்தது.

எழுந்தேன். கை கழுவினேன். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டை நோக்கி நடந்தேன்.

“நீ போனா எனக்கு ஆரடி சோறு தீத்திறது?” என்று பின்னால் கத்தினார்.

எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் எல்லா அடியையும்விட வலித்தது. பஸ் ஏறி, கந்தளாயில் இருந்த அக்கா வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனேன். திரும்பிப் போகவேயில்லை.