ஃபியூஸ் மாற்றும் முறை, படி ஆறு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் கதை விடுகிற ஆள் நான் இல்லை. ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் எழுதுவதுதான் என் பிழைப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்ததை நிமிஷக் கணக்கோடு குறித்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

என் பெயர் சஹானா. வீடு படூரில். வேலை நெம்மேலியில், சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில். அங்கே ராஜாராம் சார் மாடுலர் சிந்தசைசர் செய்து விற்கிறார். கீபோர்டே இல்லாத வாத்தியம் அது. கையகலப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு மாட்யூல். ஒன்று சத்தம் எழுப்பும், ஒன்று அதை வடிகட்டும், ஒன்று தாளம் போடும். வயரால் மாற்றி மாற்றி இணைத்தால் இசை வரும். சில பேர் இணைத்தால் வெறும் இரைச்சல்தான் வரும், அது அவரவர் தலையெழுத்து. எதை எங்கே செருகுவது, எதைத் தொடக்கூடாது என்று கையேடு எழுதுவது நான்.

எழுத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. தேவையில்லாத வரி கண்ணில் பட்டால் வெட்டாமல் தூக்கம் வராது. மாட்யூல்களை எல்லாம் மாட்டி வைக்கும் பவர் கேஸுக்குக் கையேடு எழுதியபோதும் அப்படித்தான். மற்ற பெட்டிகள் கடிக்காது. இந்தக் கேஸுக்குள் மட்டும் வீட்டுக் கரண்ட் நேராக வரும். ஃபியூஸ் மாற்றும் முறைக்கு ஏழு படிகள் எழுதியிருந்தேன். தாளில் ஒரு வரி கீழே வழிந்தது. ‘சுவிட்சை அணைக்கவும்’ என்பதற்கு அடுத்து ‘சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கவும்’ என்று இருந்தது. அணைத்த பிறகு பிடுங்குவானேன் என்று வெட்டிவிட்டேன். ஆறு படி. ஒரே பக்கம். சார் கூடப் பாராட்டினார்.

அந்தத் தாளோடு பத்து கேஸ் போன வாரமே விற்றுப்போயிருந்தன. திங்கட்கிழமை காலை இன்னும் நாற்பது கூரியரில் போக வேண்டும். அதற்குள் தாளைச் சோதித்து, சரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். வாங்குகிறவன் என் வரியை நம்பித்தான் உள்ளே கை வைப்பான். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பத்தும் போவதற்கு முன்பே சோதித்திருக்க வேண்டும்.

சோதிக்கிற முறை இதுதான். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கேஸோடு ஜெகதாம்பாள். பாக்கிங் பார்க்கிறவர், ஐம்பது வயசு, எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. அதனால்தான் அவர் வேண்டும். நான் ஒரு படியைப் படிப்பேன். காதில் விழுந்ததை மட்டும் அவர் செய்வார். முடிந்ததும் “ஆச்சும்மா” என்பார். நான் நேரம் குறிப்பேன். எட்டிப் பார்க்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. நேரம் இழுத்தால் என் வரி சரியில்லை என்று அர்த்தம்.

ஐந்து நாற்பதுக்கு அவரை உட்கார வைத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று கேஸின் பிளக்கை நானே பிடுங்கித் தரையில் போட்டேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்... உறைக்கவில்லை.

“தொண்ட கட்டிகினு கீது மா. மழ வேற வருது. சட்டுனு ஆரம்பி,” என்றார்.

அதற்குள் சார் போன் செய்தார். கடல் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று பின்கட்டுக்குப் போய்ப் பேசினேன். திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி ஆறு. வெளியே நன்றாக இருட்டிவிட்டது.

“ரெடியா?” என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

படி ஒன்று. மாட்யூல்களின் வயர்களைக் கழற்றவும்.

“ஆச்சு.”

6:04. குரல் கரகரத்தது. தொண்டைக்கட்டு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

படி இரண்டு. கேஸை மேசைமேல் கவிழ்த்து வைக்கவும்.

“ஆச்சு.” 6:09.

ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை. படி மூன்றைப் படித்தேன், சுவிட்சை அணைக்கவும். டக் என்று சுவிட்ச் சத்தம். “ஆச்சு.” 6:12. அப்புறம்தான் புரிந்தது. ஜெகதாம்பாள் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் போடுகிறவர். மேசையில் அது இடிக்கிற சத்தம் எனக்குப் பழக்கம். இன்றைக்கு ஒரு வளையல் கூடக் குலுங்கவில்லை.

கழற்றி வைத்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

படி நான்கு. மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றவும்.

டிங்... தட்டில் ஒரு திருகு விழுந்தது. டிங்... டிங்... நாலாவது மட்டும் வர நேரமானது. அதற்குள் இன்னொரு சத்தம்.

குக்கர் விசில்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அந்த வீட்டில் அடுப்பே கிடையாது. டீ வேண்டுமென்றால் கூட ரோட்டுக்குத்தான் போக வேண்டும்.

டிங்.

“ஆச்சு.” 6:20.

“ஜெகதா, அது என்ன சத்தம்?”

பதில் இல்லை. விளக்கம் பேசக் கூடாது என்பது என் சட்டம்தானே, அதைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். எழுந்து பார்த்திருக்கலாம். பார்த்தால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும், மழை வந்துவிடும், படூர் வரைக்கும் ஸ்கூட்டி ஓட்ட வேண்டும்... முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் மனசு பரபரத்தது.

படி ஐந்து. மூடியைத் தூக்கி ஓரமாக வைக்கவும்.

“ஆச்சு.” 6:23.

இரண்டாவது விசில்.

படி ஆறு. கண்ணாடி ஃபியூஸை விரலால் பிடித்து வெளியே இழுத்து, புதியதைச் செருகவும்.

அமைதி.

6:24... 6:25...

திரும்பப் படித்தேன். அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது. வேகமாக... தயங்குகிறவர்கள் விடுகிற மூச்சு.

எனக்கு எரிச்சல் வந்தது. பயத்தை மறைக்கிற எரிச்சல்.

“ஒரு ஃபியூஸைப் புடுங்க இவ்வளவு நேரமா? சீக்கிரம் இழுங்க!”

6:26.

டப்.

பெரிய சத்தம் இல்லை. பல்பு போனால் வருமே, அவ்வளவுதான்.

அப்புறம் மூச்சு கேட்கவில்லை.

“ஜெகதா?”

...

“ஜெகதா?”

மடியில் போன் அடித்தது. தூக்கிவாரிப்போட்டது.

திரையில் ஜெகதாம்பாள்.

“மா, கதவ நல்லா பூட்டிகினு போ. எங்க வூட்டுக்காரு வண்டி எடுத்துகினு வந்துட்டாரு, அஞ்சம்பதுக்கே கெளம்பிட்டேன். வாசல்ல நின்னு கத்தனேனே, காதுல வுழல?”

போனைக் காதில் வைத்தபடியே தடுப்பைப் பார்த்தேன்.

“மா? இன்னா, பேச மாட்டேங்கற?”

எழுந்தேன். தடுப்பைச் சுற்றிப் போனேன்.

யாரும் இல்லை.

நாற்காலி மேசைக்கு அடியில் தள்ளி இருந்தது. கேஸ் நேராகத்தான் இருந்தது, கவிழ்க்கவில்லை.

நாலு திருகும் மூடியிலேயே இருந்தன.

தட்டு காலி.

எப்படி வீட்டைப் பூட்டினேன், எப்படி படூர் வந்தேன் என்று தெரியாது. விடிகிற வரை எல்லா லைட்டும் எரிந்தது. காலையில் சாரிடம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். திட்டினார். ஏன் என்று கேட்டார். எனக்கே தெரியாததை என்னவென்று சொல்வது? நாற்பது கேஸும் கிடங்கிலேயே கிடந்தன.

புதன்கிழமை காலை 11:15க்கு ஒரு போன். கையேட்டின் அடியில் சந்தேகம் கேட்க என் நம்பர்தான் போட்டிருக்கும். திருக்கழுக்குன்றத்திலிருந்து ரேணுகா என்று ஒரு பெண். தம்பி அபிஷேக், இருபத்து நாலு வயசு, மாமல்லபுரம் ரிசார்ட்டுகளில் வாசிக்கிறவன். போன வாரம் எங்கள் கேஸ் வாங்கியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரண்ட் அடித்துச் செத்துப்போனான்.

“சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுதான் மா தொட்டான். வூட்டு பிளக்குல ஒயரு மாத்திக் குடுத்து கீதாம். சுவிட்ச அணைச்சாலும் உள்ள கரண்ட் இருக்குமாம். பிளக்க புடுங்கியிருந்தா பொழச்சிருப்பான்னு லைன்மேன் சொன்னாரு. உங்க தாள்ல அது எழுதலியே மா...”

நான் வெட்டிய வரி. நான்தான். எப்போது நடந்தது என்று மட்டும் கேட்டேன்.

“ஆறரைக்கு முன்ன. நான் குக்கரு வெச்சிகினு இருந்தேன். ரெண்டு விசிலு வந்துச்சு, மூணாவது வரல. அதுக்குள்ள...”

அவர் அழுது முடிக்கும் வரை காத்திருந்தேன்.

“தனியா பேசிகினே செஞ்சான் மா. ஆச்சு, ஆச்சுன்னு. போனும் கையில இல்ல. யார்கிட்டடா பேசறன்னு கேட்டேன். ஒரு அம்மா படிக்கறாங்க, நான் செய்யறேன்க்கான்னான். வெளையாடறான்னு வுட்டுட்டேன். கடைசியில கைய வெக்காம கொஞ்ச நேரம் நின்னான். பயமா கீதுக்கா, ஆனா அந்த அம்மா திட்றாங்கன்னான்...”

நான் போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பிறகு ரேணுகா மெதுவாகக் கேட்டார்.

“இந்தக் குரல்தான் மா. எனக்கும் லேசா கேட்டுச்சு. சீக்கிரம் இழுன்னு நீ ஏன் மா அவனப் புடிச்சி அவசரப்படுத்துன?”