நோயாளிகளின் துஆவில் என் மகளின் பெயர்

போன வருடம் இரண்டாம் தவணையின் நடுவில் என் மகள் ஷிப்னா பேச்சை நிறுத்தினாள். முதலில் பாடசாலையில். பிறகு வீட்டிலும்.

வெகுகாலம் காத்திருந்து அல்லாஹ் எங்களுக்குத் தந்த ஒரே பிள்ளை அவள். ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்தாள்; சாப்பிடும்போதுகூட வாய் ஓயாது. கல்முனையில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கில மொழிமூலம் தெரிவானபோது அயலுக்கெல்லாம் வட்டிலப்பம் கொடுத்தோம். கணிதமும் விஞ்ஞானமும் இனி ஆங்கிலத்தில். எங்களுக்குப் பெருமை. அவளுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நாங்கள் பார்க்கவில்லை.

காலையில் சீருடை போட்டதும் வாந்தி எடுப்பாள். ஆஸ்பத்திரியில் வயிற்றையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, உடம்பில் குறை ஒன்றுமில்லை, பயம்தான் என்றார்கள். அவள் கடைசியாக என்னிடம் சொன்னது இது:

"எல்லாருக்கும் வெளங்குது வாப்பா. எனக்கு மட்டும்தான் வெளங்குதில்ல. நான் மடச்சி."

அதற்குப் பிறகு தலையாட்டல்தான். தமிழ் வகுப்புக்கே மாற்றிவிடவா என்று கேட்டேன். புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மாற்றினால் ஊரே தன்னை மடச்சி என்று சொல்லும் என்பது அவள் பயம். அங்கேயும் இருக்க முடியாது, இங்கேயும் வர முடியாது. இன்னும் சில வாரங்கள் போனால் பிள்ளை பாடசாலையையே விட்டுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் கல்வி அலுவலகத்தில் டிரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கடிதம் எந்த மேசையில் எவ்வளவு காலம் உறங்கும் என்பது எனக்கு மனப்பாடம். புதிதாக ஆங்கிலத்தில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு மேலதிக உதவி கொடுக்க வேண்டும் என்பது தாளில் அழகாக இருக்கிறது. ஆகவே ஒழுங்குமுறைப்படி போனேன். அதிபர் நல்ல மனிதர். "சேர், ஒங்களுக்குத் தெரியாததா? வகுப்பு வைக்க ஆசையாத்தான் இரிக்கி. ஆளணியில இன்னொரு டீச்சருக்கு இடமில்ல," என்றார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து, என் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளதாகப் பதில் வந்தது. அந்த வசனத்துக்கு அகராதியில் ஒரு பொருள், அலுவலகத்தில் வேறு பொருள்.

நானே சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். பரீட்சை மேற்பார்வையாளரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். டியூஷன் மாஸ்டர் ஒருவர் விடைகளை மனப்பாடம் செய்யச் சொல்லிச் சத்தம் போட்டார். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

ஐவேளையும் துஆக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் என் துஆவும் விண்ணப்பம் போலத்தான் இருந்தது: விடயம், காரணம், கோரிக்கை. ஒரு நாள் விடியலில் ஸுப்ஹுத் தொழுகை முடிந்து கையை ஏந்தியபோது வசனம் ஒன்றும் வரவில்லை. "யா அல்லாஹ், எனக்கு வழி தெரியாது" என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் என் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

அதற்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்ததும் எங்கள் பள்ளிவாசலில் நோயாளிகளின் பெயரைச் சொல்லித் துஆக் கேட்பது வழமை. இருதய ஆப்பரேஷன் ஒருவர், காலுடைந்த ஒருவர் என்று பாங்கு சொல்லும் மோதினார் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு ஒலிபெருக்கியில், ஊர் முழுக்கக் கேட்க:

"நம்மட டிரக்டர் சேர்ட மகள், இங்கிலீஷ் வகுப்பு வெளங்காம கதை நிண்டுபோய் இரிக்கி. அவட சுகத்துக்கும் துஆச் செய்ங்க."

முன் வரிசையில் இருந்த என் காது சுட்டது. வீட்டுக்கு வந்து மனைவி ஜெஸீமாவைக் கேட்டேன்.

"நீதான் சொல்லி அனுப்பினியா?"

"ஓம். நான்தான்."

"இதெல்லாம் நோயாளிகளோட சேர்த்துச் சொல்ற விசயமா?"

"புள்ள சாப்பிடுறா இல்ல, கதைக்கிறா இல்ல. வேற என்னோட சேர்த்துச் சொல்ற? ஒங்கட கடிதத்தோடயா?"



நோயாளி என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டால் எங்கள் ஊரார் பார்க்க வராமல் இருக்கமாட்டார்கள். அது அவர்களுக்குக் கடமை. பின்னேரம் அஸருக்குப் பிறகு வாசலில் செருப்புகள் குவிந்தன. பால்மா டின், ஒரேஞ்ச் பார்லி, அப்பிள், கிரீம் கிறக்கர் பிஸ்கட். நடுவில் ஷிப்னா, தலையைக் குனிந்துகொண்டு. பக்கத்து வீட்டு ஸரீனா ராத்தா அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லயே!"

"இங்கிலீஷ் காய்ச்சல் நெத்தியில தெரியாது ராத்தா," என்றார் யாரோ. பெண்கள் சிரித்தார்கள். நான் அறைக்குள் போய்விடலாம் என்று எழுந்தேன்.

அப்போது ஷிப்னாவோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கும் ரிஸ்காவைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுடைய உம்மா வந்தார். உட்காரவே இல்லை.

"சேர், கோவிச்சுக்காதீங்க. பள்ளியில சொன்னதக் கேட்டதும் எனக்கு வீட்டில இருக்க முடியல்ல. இவளும் இப்பிடித்தான். விடியவே வயித்து வலி எண்டுவா. வெளிய சொல்ல வெக்கத்தில நாங்க மறைச்சு வெச்சிருந்தம்."

ரிஸ்கா விம்மி அழத் தொடங்கினாள். ஷிப்னா தலையை நிமிர்த்தினாள்.

"ஒனக்குமா வெளங்குதில்ல?" என்றாள். "நீ எல்லாம் வெளங்கி எழுதுறாய் எண்டுதானே நான் நெனச்சன்!"

"நான் ஒன்ட கொப்பியப் பாத்துத்தான் எழுதின," என்றாள் ரிஸ்கா.

ஜெஸீமா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாரக்கணக்கில் கேட்காத மகளின் குரல்.

ஸரீனா ராத்தாவோடு ஒருவர் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். பாண்டிருப்பைச் சேர்ந்த சுகந்தி டீச்சர். ராத்தாவின் மகளுடன் ஆசிரியர் கலாசாலையில் படித்தவராம். ராத்தா வீட்டுக்கு வந்த இடத்தில், நோயாளி பார்க்க வா என்று கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் எழுந்து வந்து இரண்டு பிள்ளைகளுக்கும் முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார்.

"செடிக்குச் சாப்பாடு யார் சமைக்கிறது?"

"இல!" என்றார்கள் இருவரும் ஒன்றாக. பிறகு வெயில், தண்ணீர், காற்று என்று தமிழில் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள்.

"அப்ப விஞ்ஞானம் தெரியுது. அதுக்குரிய இங்கிலீஷ்தான் இன்னும் வரல்ல. அது நோயில்ல அம்மா, படிச்சா வரும்."

நான் கேட்டேன்: "டீச்சர், என்ன பாடம் படிப்பிக்கிறீங்க?"

"இங்கிலீஷ் சேர். மலைநாட்டில இருந்து மாற்றம் கிடைச்சு வந்தன். இன்னும் பாடசாலை தரல்ல. காலையில வலயத்தில கையெழுத்து வைக்கிறன், பின்னேரமும் வைக்கிறன். நடுவில கதிரையக் காவல் காக்கிறன்."

என் கடிதம் உறங்கிய அதே கட்டடத்தில், அந்தக் கடிதம் கேட்ட ஆள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். இடமில்லை என்று ஒரு மேசை சொல்லிக்கொண்டிருந்தது, ஆளை வைத்துக்கொண்டு அடுத்த மேசை விழித்துக்கொண்டிருந்தது. நான் தட்டாத கதவு இல்லை. ஆனால் அல்லாஹ், அந்த ரப்புல் ஆலமீன், அவரை என் வீட்டுக்கே அனுப்பிவைத்தான்.

மீதியை எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியும். அந்த அறிவையும் அவன்தானே தந்தான். சனியும் ஞாயிறும் பெற்றோரைப் பார்க்கப் போனேன். வாசலில் நின்று விடயத்தைச் சொன்னதும் வீட்டுக்கு வீடு அதே கதை வெளியே வந்தது. எல்லோரும் ஒரு கோரிக்கைக் கடிதத்தில் ஒப்பமிட்டார்கள். அதிபர் அதோடு சேர்த்து, சுகந்தி டீச்சரைத் தற்காலிகமாகத் தன் பாடசாலையோடு இணைத்துத் தரும்படி வலயத்துக்கு எழுதினார். அந்த வாரமே டீச்சர் பாடசாலைக்கு வந்தார். வலயத்தில் என்னோடு முன்பு வேலை செய்த இலிகிதர் என்னைக் கண்டு, "சேர், இந்தச் சுறுசுறுப்ப நீங்க இருக்கக்குள்ளயும் நான் காணல்ல," என்றார். நானும் காணவில்லை.

பாடசாலை முடிந்த பிறகு உதவி வகுப்பு நடந்தது. முதலில் தமிழில் விடை சொல்லலாம். பிறகு சொற்கள், பிறகு வசனம். பிழை விட்டால் சிரிப்பதில்லை என்பது அங்கே சட்டம். ஷிப்னாவின் வாந்தி நின்றது. சோற்றுக்கு முன்னால் பழையபடி கதை தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

மூன்றாம் தவணை முடிவில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். ஷிப்னா எழுந்து, வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் வருவதை ஆங்கிலத்தில் விளக்கினாள். நடுவில் தடுமாறி நின்றாள். அவள் தேடிய சொல் எனக்குத் தெரியும். நாக்கின் நுனிவரை வந்தது. ஜெஸீமா என் கையை அழுத்தினாள். ஷிப்னா டீச்சரைத் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்க, "டீச்சர், இதுக்கு இங்கிலீஷ்ல எப்பிடிச் சொல்ற? எனக்குத் தெரியல்ல," என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் சொன்னார். அவள் அதை வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

அவள் சரியாகச் சொன்ன வசனங்கள் எனக்கு இப்போது ஞாபகமில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் வீட்டுக்கு வந்து நன்றி ஸஜ்தாவில் விழுந்தேன்.

சகோதரர்களே, சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் வெட்கத்தில் மூடிவைத்த வேதனை ஒன்று இருக்கலாம். அதை உங்களைப் படைத்தவனிடம் உள்ளபடியே சொல்லுங்கள், அடியார்களிடமும் சொல்லுங்கள். யாரை, எந்த வாசல் வழியாக அனுப்புவதென்பது அவனுக்குத் தெரியும். நீங்கள் கதவைத் திறந்து வையுங்கள்.