இருவருக்கு ஒரு கால்சட்டை

உடையார்பாளையத்தில் பேருந்து பத்து நிமிடம் நிற்கிறது. நிறுத்தத்தில் முந்திரி விற்பவன் என் பழைய அறைத்தோழன் தங்கராசு. வேட்டிதான் கட்டியிருக்கிறான்.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில், ஒரே அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. அறையில் இருந்த ஒரே கால்சட்டை அவனுடையது. சாம்பல் நிறம், கீழே இரண்டு அங்குல மடிப்பு. அதை எனக்குக் கொடுத்தான். வேட்டியோடு வந்த பதினொரு பேரை அதிகாரி உள்ளே விடவில்லை. அவர்களில் இவனும் ஒருவன்.

இன்றுதான் மன்னிப்புக் கேட்கிறேன்.

"அட, விடுப்பா. எனக்கு அந்த வேலையே புடிக்கல. அதான் பேண்ட்ட ஒனக்குக் குடுத்துட்டேன்" என்று சிரிக்கிறான்.

பிடிக்காதவன் அன்று மூன்று மணி நேரம் என் பின்னால் ஏன் வரிசையில் நின்றான்? நடத்துனர் விசில் ஊதுகிறார். கேட்காமலே ஏறிக்கொள்கிறேன்.