நாற்காலி போடாத பக்கம்

அரசு விருந்தினர் மாளிகையின் பெரிய கூட்ட அறையில் மேசை போடுவதுதான் அவள் வேலை. புருஷன் செத்த மறுமாதம் கருணை அடிப்படையில் கிடைத்தது. பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. அத்தனை வருடத்தில் அவள் சத்தமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. பெரிய மனிதர் எவராவது எதிரே வந்துவிட்டால் சுவரோரம் ஒதுங்கி நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவைப்பாள்.

தலைவர்கள் உள்ளே இருக்கும்போது பணியாளர் யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கக்கூடாது. இடைவேளைக்கு அவர்கள் தோட்டத்துப் பக்கம் போனதும் ஏழு நிமிடம் கிடைக்கும். அதற்குள் டம்ளர் மாற்றி, ஜாடி நிரப்பி, பென்சில் சீவி, நாற்காலிகளை நூல் பிடித்தாற்போல் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மேசைமேல் கிடக்கும் காகிதத்தைக் கண்ணால் பார்ப்பதும் குற்றம்.

அவளுக்குக் காகிதம் வேண்டியதே இல்லை. எச்சில் டம்ளர் போதும். தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தால் இன்னும் நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். ஜாடி காலியென்றால் வாக்குவாதம். நாற்காலி சுவர்வரை தள்ளிக் கிடந்தால் யாரோ கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார். பிஸ்கட் தட்டில் தூள் மட்டும் மிஞ்சியிருந்தால் காரியம் முடிந்தது, மனசு லேசான பிறகுதான் இவர்களுக்குப் பிஸ்கட் இறங்கும். இப்படி அவள் சொன்னது ஒருதரம்கூடப் பிசகியதில்லை. காபி போடும் அண்ணன் அவளுக்கு ஜோசியரம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்.

"என்ன ஜோசியரம்மா, இன்னிக்கு கிரகம் எப்படி?"

"போண்ணே. டம்ளர் கழுவுற வேலையைப் பாரு."

மகளை எல்லைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் வேலை. குண்டு விழத் தொடங்கியதும் பொண்டாட்டியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் அங்கேயே தங்கிவிட்டார். மோட்டாரை விட்டு வந்தால் ஊருக்கே தண்ணீர் இல்லை. தரைக்குக் கீழே இருந்த மோட்டார் அறையில் படுக்கை, சாப்பாடு எல்லாம். நாலு மாதமாக வெயில் படாமல் இருந்தார்.

மகளுக்கு வயிற்றில் ஆறு மாதம். சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து நிற்பாள்.

"இன்னிக்கு என்னம்மா?"

"ஜாடி காலி."

"நீ ஒருத்தி! உன் ஜாடிக்காக நான் காத்துக்கிடக்கேன். அவர் அங்க எலியோட எலியா இருக்காரு. இது வயித்துல உதைக்குது, ஒருவாட்டி கைவச்சுப் பார்க்க வேணாமா மனுஷன்?"

"நான் சொல்ற வரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாது. சொல்லிட்டேன்."

"நீ எப்பம்மா சொல்லுவ?"

"நிச்சயமானா சொல்லுவேன்."

மகள் அதற்குக் கட்டுப்பட்டாள். அந்த வீட்டில் போர் நிற்பதும் நிற்காததும் அம்மா வாயில்தான் இருந்தது.

அந்த வாரம் நட்பு நாடுகளின் தலைவர்கள் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். நம்மவரோடு சேர்த்து மூன்று பேர். போர் நிறுத்தம் பற்றியும் இந்த வட்டாரத்தின் பாதுகாப்பு பற்றியும் பேசப்போகிறார்கள் என்று தொலைக்காட்சியில் நாள் முழுக்க ஓடியது. மேற்பார்வையாளர் ஒரு படம் வரைந்து கொடுத்தார். நீள்சதுர மேசையின் மூன்று பக்கம் நாற்காலி, மூன்று கொடி. நாலாவது பக்கம் கேமராக்காரர்களுக்கு. அவள் அளவுகோல் வைத்துப் போட்டாள்.

முதல் நாள் தண்ணீர் அசையவில்லை. இரண்டாம் நாள் ஜாடியை நாலுதரம் நிரப்ப வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் ஒரு நாற்காலி சுவரில் முட்டிக் கிடந்தது, ஒரு பென்சில் இரண்டாக ஒடிந்திருந்தது. நாலாம் நாள் மதியம் உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று தட்டும் காலி. ஒருவர் ஆரஞ்சுத் தோலைப் பூப்போல உரித்து வைத்திருந்தார். வெளியே வந்தால் மேற்பார்வையாளர், "நாளைக்குப் பச்சை விரிப்பு, மூணு பேனா ஸ்டாண்டு, ஜூஸ் கிளாஸ் முப்பது. பதினோரு மணிக்குக் கையெழுத்து" என்றார்.

பச்சை விரிப்புக்கு இஸ்திரி போடும்போதே மகளுக்குப் போன் செய்தாள்.

"துணியை எடுத்து வை. காலையில முதல் பஸ்."

"நிஜமாவாம்மா?"

"மாப்பிள்ளைகிட்ட சொல்லு, ஊருக்கு முன்னால இருக்கற ஆத்துப் பாலத்துக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு. தனியா நடக்காத."

மறுநாள் காலையில் அவளே பஸ் ஏற்றிவிட்டாள். ஜன்னலோரச் சீட்டு பிடித்துக் கொடுத்தாள், முதுகுக்குத் தலையணை வைத்தாள். "வழியில கண்டதையும் வாங்கித் தின்னாத" என்றாள். மகள் சிரித்தபடி கையாட்டினாள். நாலு மாதத்தில் அந்தப் பெண் சிரித்தது அன்றைக்குத்தான்.

பதினோரு மணிக்கு மூன்று தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள், கைகுலுக்கினார்கள், ஜூஸ் குடித்தார்கள். காபி போடும் அறையில் இருந்த சின்னத் தொலைக்காட்சியில் அறிக்கையை வாசித்தார்கள். கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம். புதிய ஏவுகணைகள். எல்லையில் மூன்று நாட்டுப் படைகளும் சேர்ந்து காவல். போர் நிறுத்தம் குறித்து உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படும்.

அவள் கையில் தட்டோடு நின்றாள்.

"அண்ணே, நிறுத்தம்னு சொல்லலையே?"

காபி போடுகிறவர் திரும்பிப் பார்த்தார். "எப்படிம்மா சொல்லுவாங்க? இவங்க மூணு பேரும் ஒரே கட்சி. சண்டை போடுறவனுக்கு நீ நாற்காலியே போடலையே. யார்கூட நிறுத்துறது?"

அவர் வழக்கம்போல வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

எச்சில் டம்ளரையும் ஆரஞ்சுத் தோலையும் பார்த்த கண், ஆளே இல்லாத நாலாவது பக்கத்தைப் பார்க்கவில்லை. போன் போட்டாள். எல்லைப் பக்கம் லைனே போகவில்லை. மறுபடி போட்டாள். மாப்பிள்ளைக்குப் போட்டாள். அதுவும் போகவில்லை.

ஒப்பந்தத்துக்கு எதிர்த்தரப்பு அன்றைக்கு மதியமே பதில் சொன்னது, பாலத்தின்மேல்.

சோதனைச்சாவடியில் வரிசை நீண்டதால் மகளின் பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்தப் பக்கத்து நிழற்கூரையில் மாப்பிள்ளை பத்து மணியிலிருந்தே காத்திருந்தாராம். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டிருந்தாராம். பஸ் ஜன்னலிலிருந்து மகள் அந்தக் கூரையைப் பார்த்தாள். பிறகு அது இல்லை.

திரும்பி வந்த மகள் அழவுமில்லை, ஏசவுமில்லை. அம்மா காலையில் வேலைக்குப் போகும்போது உட்கார்ந்திருந்த இடத்திலேயே சாயங்காலமும் இருந்தாள். ஒன்பதாம் நாள் அம்மாவால் தாங்க முடியவில்லை.

"ஏதாவது சொல்லுடி. நாலு வார்த்தை திட்டிடு. நான்தான் அனுப்பினேன்."

"உன்மேல என்னம்மா தப்பு? கையெழுத்து ஆகும்னு சொன்ன. ஆச்சு."

அம்மா அடுப்படிக்குள் போய் உலை வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு நாட்டில், எதிர்த்தரப்பையும் உட்காரவைத்து நிஜமாகவே போர் நிறுத்தம் கையெழுத்தானது. அதைக் கொண்டாட அந்த இரண்டு தலைவர்களும் மாளிகைக்கு மறுபடி வந்தார்கள். மதிய விருந்து. அவள் விடுப்புக் கேட்டாள். மேற்பார்வையாளர் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். மகள், "போம்மா. போகலைன்னா ஏன்னு கேப்பாங்க. அவங்ககிட்ட அதையெல்லாம் சொல்லிக்கிட்டு" என்றாள்.

விருந்து முடிந்ததும் தலைவர்களில் ஒருவருக்குப் பணியாளர்களைப் பார்க்க ஆசை வந்தது. எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தவர் அவள் முன்னால் நின்றார். ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்:

"பேச்சு நடந்த நாள் எல்லாம் நீங்கதான் மேசை போட்டீங்களான்னு கேக்கறாங்க. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்த அமைதி வந்துதாம்."

சொல்ல எவ்வளவோ இருந்தது. மாப்பிள்ளையின் பெயர், பாலம், இஸ்திரி போட்ட சட்டை. எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. அந்தக் கை மெத்தென்று இருந்தது, கொஞ்சம் ஈரமாக. கேமராக்கள் மின்னின.

"நன்றிங்க ஐயா" என்றாள்.

மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்திலேயே அவர் அவளுக்குக் கை கொடுக்கும் படம் வந்தது. காபி போடுகிறவர் அதை மடித்து அவள் பைக்குள் வைத்தார். வீட்டில் மறைத்து வைக்க நினைத்தாள், அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டிவிட்டுப் போயிருந்தாள். மகள் பேப்பரை மடியில், வயிற்றுக்கு முட்டுக்கொடுத்தாற்போல் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சிரிக்கிறேம்மா" என்றாள்.